ஒரே நம்பரில் இரண்டு வண்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பறியும் தேசிகனுக்கு வேலை கிடையாது. வாரத்தில் அவருக்கு மிகவும் கஷ்டமான நாள் அதுதான்.

செங்கற்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, காபி கிளப் மாடியில், ஒரே அறை. பாதி ஆபீஸ், பாதி வீடு. மனைவி போய் ஒன்பது வருஷம். மற்ற நாட்களில் கட்சிக்காரர்கள் யாராவது படியேறி வந்து, யாரைப் பற்றியாவது புகார் சொல்லிவிட்டுப் போவார்கள். ஞாயிறன்று கீழே தட்டுக் கழுவும் ஓசை மட்டும்தான் படியேறி வரும்.

1957ஆம் வருஷம், ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை எட்டு மணிக்கு உதவியாளன் தாவீது நீளமான கவர் ஒன்றை விசிறிக்கொண்டே உள்ளே நுழைந்தபோது, தேசிகன் நாற்காலியிலிருந்து கொஞ்சம் வேகமாகவே எழுந்தார்.

"நேத்து சாயங்காலம் ரயில்ல வந்துது சார். கம்பெனி ஆள் ஸ்டேஷன்ல குடுத்தான். அவசரமாம்."

"அவசரம்னா நேத்தே கொண்டு வந்திருக்கலாமே?"

"நேத்து எனக்கு அதைவிட அவசரம் சார். மார்கரெட் மீன் கொழம்பு வெச்சிருந்தா."

தாவீதுக்கு வயது முப்பத்தெட்டு. யுத்தத்தின்போது பர்மா எல்லையில் ஜீப் ஓட்டியவன். குண்டு விழுந்த நாட்களிலும் வாயை மூடாதவன் என்று பட்டாளத்தில் பெயர் வாங்கியவன்.

தேசிகன் கவரைக் கிழித்தார். பாலாறு ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மதராஸ் மானேஜர் எழுதியிருந்தார். விஷயம் இதுதான். 1934இல் இங்கிலாந்தில் செய்த ஆஷ்வெல் என்ற இரண்டு ஸீட் ரேஸ் கார். சேஸிஸ் நம்பர் 417. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையோரம் தனியாக வசிக்கும் ரங்கநாயகி அம்மாள் என்ற விதவையின் பேரில் அதற்கு ஆறு வருஷமாகப் பாலிசி இருக்கிறது. போன வாரம் குடகு நாட்டுக் காபித் தோட்டக்காரர் ஒருவர் தம்முடைய ஆஷ்வெல் காருக்குப் பாலிசி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார். அந்த வண்டியின் நம்பரும் 417. இரண்டு வருஷத்துக்கு முன் பெங்களூர்த் தரகர் மூலம் வாங்கினாராம். ரங்கநாயகி என்று கையெழுத்திட்ட விற்பனைக் கடிதமும் வைத்திருக்கிறார்.

தாவீது தலையைச் சொறிந்தான். "லைஃப் இன்ஷூரன்ஸை எல்லாம் கவர்மெண்டு எடுத்துக்கினு பூட்ச்சி. கம்பெனிக்காரனுக்கு மிச்சம் கீறது வண்டிங்கதான். அதுலயும் ரெட்டைப் புள்ளையா?"

"மானேஜர் என்ன நினைக்கிறார் தெரியுமா? அந்த அம்மா அசலை வித்துட்டா. அதே மாதிரி நகல் ஒண்ணு செஞ்சு கொட்டகையில நிறுத்தி வெச்சிருக்கா. ஒரு நாள் கொட்டகை தீப்பிடிக்கும். அசலுக்கு உண்டான எட்டாயிரம் ரூபாயைக் கேட்டு மனு வரும்."

"மூளைக்கார மாமி!"

"மானேஜரோட மூளை அது. மாமியை நாம இன்னும் பாக்கலை."

அரை மணியில் இருவரும் ஏஜெண்ட் கோதண்டராமன் வீட்டு வாசலில் நின்றார்கள். ரங்கநாயகிக்குப் பாலிசி எழுதிக் கொடுத்தவர் அவர்தான். பல் குச்சியும் கையுமாக வந்தார்.

"அந்த வண்டியா? அதுக்குப் பாலிசி வாங்கறதுக்குள்ள என் செருப்பு தேஞ்சு போச்சு சார். வீட்டுக்காரர் போன புதுசு. அந்தம்மா ஏழு கம்பெனி ஏறி இறங்கியிருக்காங்க. பழைய வண்டி, உதிரிச் சாமான் கிடைக்காதுன்னு ஒருத்தன் விரட்டினான். இரும்பு விலைக்குத்தான் எழுதுவேன்னான் இன்னொருத்தன். ஒருத்தன், பொம்பளை ஓட்டற வண்டிக்கு ரெண்டு பங்கு பிரீமியம்னான். கடைசியில நான்தான் பாலாறு கம்பெனியில பேசி முடிச்சேன். விலை எட்டாயிரம்னு ரெண்டு பக்கமும் ஒப்புக்கணும். பூட்டின கொட்டகையில நிக்கணும். வருஷத்துக்கு முந்நூறு மைலுக்கு மேல ஓடக்கூடாது. அதனால பிரீமியம் கம்மி."

"முந்நூறு மைல் தாண்டினதா எப்பவாவது?"

"தாண்டறதா! வருஷா வருஷம் மீட்டர் பாக்கப் போறேன். அவர் போனதுலேர்ந்து அந்தம்மா வண்டியை வெளியிலயே எடுத்ததில்ல. சாயங்காலமானா கொட்டகைக்குள்ள போய் ஸீட்டுல உக்காந்துப்பாங்களாம். அவ்வளவுதான்."

தேசிகன் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, "இந்த மாதிரி வண்டியைப் பத்தி வேற யாராவது உங்ககிட்ட விசாரிச்சதுண்டா?" என்று கேட்டார்.

கோதண்டராமன் சிரித்துவிட்டார். "போன வருஷம் ஒரு கூத்து. ஏரிக்கரையில பட்டறை வெச்சிருக்கற மெக்கானிக் வரதன் வந்தான். 'ஐயா, பெரிய வண்டி மாதிரியே ஒண்ணு செஞ்சா, அந்த நகலுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? கொறைஞ்ச பிரீமியத்துல கெடைக்குமா?'ன்னு கேட்டான். மாப்பிள்ளைக்குப் பாலிசி கேட்டா உண்டு, மாப்பிள்ளையோட போட்டோவுக்கு யாருய்யா குடுப்பான்னு அனுப்பிட்டேன்."

தெருவுக்கு வந்ததும் தாவீது விசில் அடித்தான். "முடிஞ்சுது கேஸு! வரதன் நகல் செஞ்சான். மாமி அசலை வித்தா. ரெண்டு பேரும் கூட்டு."

"அப்படின்னா அவன் எதுக்குப் பாலிசி கேட்டு அலையறான்? அதுதான் ஏற்கெனவே அசல் பேர்ல எட்டாயிரத்துக்கு இருக்கே? ஏமாத்தறவன் நகல்ங்கற வார்த்தையை ஏஜெண்ட் காதுல போடுவானா?"

தாவீது விசிலை நிறுத்தினான். 

ஏரிக்கரைப் பட்டறையில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால், உள்ளே பெரிய லேத் மிஷின் ஒன்று பளபளத்தது. பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்த சம்பூர்ணம் குரல் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழமைல அவரு ஏது இங்க? மகாபலிபுரத்தாண்ட ஒரு ஐயிரு வூட்டம்மாவோட காருக்கு ஆயில் பாக்கப் போயிடுவாரு. பத்து மணி பஸ்ஸு. ரெண்டு வருசமா ஒரு வாரம் தப்பினதில்ல."

"எப்பக் கிளம்பினாரு?"

"இப்பத்தான் சலவைச் சட்டை மாட்டிக்கினு, தலை வாரிக்கினு, மார்க்கெட்டுப் பக்கம் போனாரு. அந்தம்மாவுக்குக் காய் வாங்கினு போவாரு."

தாவீது மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். "கிரீஸ் வேலைக்கு எவனாவது சலவைச் சட்டை போட்டுக்கினு போவானா சார்?"

"இன்னிக்கு நீ கேட்ட முதல் நல்ல கேள்வி" என்றபடி தேசிகன் பின்னால் ஏறிக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்று உப்புக் கரிக்க ஆரம்பித்தது. கால்வாயைக் கடந்து தெற்கே திரும்பினால் சவுக்குத் தோப்பு. மணல் பாதை. அதன் முடிவில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒற்றை வீடு. கூப்பிடு தூரத்தில் வேறு கூரை இல்லை. ஆடிக் காற்று சவுக்கு மரங்களை விடாமல் உலுக்கிக்கொண்டிருந்தது.

ரங்கநாயகி அம்மாள் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நேரான பார்வை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு ஆவலோடு எட்டிப் பார்த்தவரின் முகம், இவர்களைக் கண்டதும் இறங்கிப் போனது. கொட்டகைக்குள் ஒரு மேஜை. அதன்மேல் கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர்கள்.

"கம்பெனியிலேர்ந்து வரோம் மாமி. வண்டியைப் பாக்கணும்" என்றார் தேசிகன்.

"பாருங்கோ."

கரும்பச்சை நிற வண்டி. நீண்ட மூக்கு. பக்கவாட்டில் வெளியே தெரிய ஓடும் குழாய்கள். துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக இருந்தது. முன்னால் தகட்டில் 417 என்ற எண்.

தேசிகன் வண்டியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். டிரைவர் ஸீட்டில் உட்காருகிறவர் கண்ணுக்கு நேராக, பழுப்பேறிய அட்டை ஒன்று ஆணியில் தொங்கியது. 'ரெங்கா! நடுப் பெடலை மிதித்தால் ஓடும். வலது பெடலை மிதித்தால் நிற்கும். மறந்து தொலைக்காதே!'

"யார் எழுதினது மாமி?"

"அவர்தான். இந்த வண்டியில பெடல் எல்லாம் இடம் மாறி இருக்கும். பிரேக் வலது கைப்பக்கம் ஓரத்துல. எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தப்போ மாட்டி வெச்சார். முதல் நாளே தென்னை மரத்துல கொண்டுபோய் மோதினேன்."

"தாவீது, ஏறி உக்காரு. ஸ்டார்ட் பண்ணு."

என்ஜின் ஓடியது.

"இப்ப நடுப் பெடலை மிதி."

தாவீது மிதித்தான். என்ஜின் ஓசையில் மாற்றமில்லை.

"வலது பெடல்?"

கொட்டகை அதிர உறுமியது. தாவீது சட்டென்று என்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தான். பானெட்டைத் தூக்கினான். குனிந்து அடிப்பக்கம் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் பழைய சிநேகிதியைச் சந்தையில் பார்த்த சிரிப்பு.

"சார், இது கூட நான் மூணு வருசம் பர்மாக் காட்டுல குப்பை கொட்டினவன். முக்காடு போட்டுக்கினு நின்னாலும் தெரியாதா எனக்கு? இது ஜீப்பு! யுத்தத்துல மிஞ்சின டிஸ்போஸல் ஜீப்பு, பட்டுப் புடவை கட்டிக்கினு நிக்குது."

தேசிகன் ரங்கநாயகியின் பக்கம் திரும்பினார். இப்படிப்பட்ட நேரங்களில் மனிதர்கள் அலறுவார்கள், அழுவார்கள், மயங்கி விழுவார்கள். தேசிகன் எல்லாவற்றையும் பார்த்தவர். ரங்கநாயகி இது எதையும் செய்யவில்லை. வண்டியின் கதவில் ஒட்டியிருந்த மணலைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"மாமி, இது உங்காத்து வண்டி இல்லை. யாரோ மாத்தி வெச்சிருக்கா."

"தெரியும்."

"தெரியுமா?"

"வந்த அன்னிக்கே தெரியும். ரெண்டு வருஷம் முன்னால, என்ஜினைப் பிரிக்கணும்னு வரதன் செங்கற்பட்டுக்கு எடுத்துண்டு போனான். மூணு மாசம் கழிச்சுக் கொண்டுவந்து விட்டான். அவர் வண்டி ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் இருமும். இது இருமலை. ஸீட்டுத் தோல்ல அவரோட மூக்குப்பொடி வாசனை இருக்கும். இதுல பெயிண்ட் வாசனை."

தாவீது குனிந்து ஸீட்டை மோந்து பார்த்தான்.

"அப்பறம் ஏன் போலீஸுக்குச் சொல்லலை? கம்பெனிக்காவது எழுதியிருக்கலாமே?" என்றார் தேசிகன்.

ரங்கநாயகி வெளியே மணல் பாதையைப் பார்த்தபடி பேசினார்.

"எனக்குக் குழந்தை குட்டி கிடையாது. உறவுன்னு சொல்லிக்க ஸ்ரீரங்கத்துல ஒரு நாத்தனார், அவளும் கடுதாசி போடறதை நிறுத்திட்டா. வாரத்துல ஆறு நாள் நான் பால்காரியோட மட்டும்தான் பேசறேன். 'அரைப்படி'ம்பேன். அதோட பேச்சு முடிஞ்சுது. வரதன் முன்னெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தரம் வருவான். வண்டியை மாத்தினப்பறம் ஞாயித்துக்கிழமை தவறாம வரான். ஆயில் பாக்கணும்பான், டயர்ல காத்துப் பாக்கணும்பான். அரை மணி வேலையை நாள் பூராப் பண்ணுவான். செய்யூர்ல மழை பெஞ்சுது, ஏரி ரொம்பித்துன்னு ஏதாவது சொல்லிண்டே இருப்பான். மனசு உறுத்தறது, அதான் வரான். எனக்குத் தெரியாதா?" வண்டியின் பக்கம் திரும்பினார். "திருடு போனப்பறம்தான் ஸ்வாமி, இந்த ஆத்துக்கு மனுஷா வர ஆரம்பிச்சா."

காற்று கொட்டகைத் தகரத்தைத் தட்டியது.  தம் அறையில் சுவர்க் கடிகாரம் ஓடும் ஓசை ஏனோ அப்போது தேசிகன் காதில் கேட்டது.

ஆனாலும் வேலை வேலைதான். மானேஜர் கடிதத்தோடு வந்திருந்த இரண்டு காகிதங்களைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று ரங்கநாயகி ஆறு வருஷத்துக்கு முன் போட்ட பாலிசி விண்ணப்பம். மற்றது குடகுக்காரரிடம் இருந்த விற்பனைக் கடிதத்தின் போட்டோ.

"மாமி, இந்த ரெண்டாவது கையெழுத்து உங்களோடதா? இல்லேன்னு சொன்னேள்னா வண்டி உங்களுக்குத் திரும்பி வந்துடும். கள்ளக் கையெழுத்துப் போட்டவன் ஜெயிலுக்குப் போவான். உங்களோடதுதான்னு சொன்னேள்னா, குடகுக்காரர் வாங்கினது செல்லும். அசல் வண்டியை அதுக்கப்பறம் நீங்க பாக்கவே முடியாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

ரங்கநாயகி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நீண்ட நேரம் பார்த்தார்.

"என் கையெழுத்துதான்."

"விண்ணப்பத்துல 'ரெங்கநாயகி'ன்னு போட்டிருக்கேள். உங்காத்துக்காரரும் சுவத்துல 'ரெங்கா'ன்னுதான் எழுதியிருக்கார். கடுதாசியில 'ரங்கநாயகி'ன்னு இருக்கே?"

"அன்னிக்கு அவசரம். ஒத்தைக் கொம்பு விட்டுப் போயிடுத்து."

"பதினெட்டு வருஷம் உங்காத்துல இருந்த வண்டி, மாமி."

"இருந்தது. அதுல உக்காந்து உக்காந்து பாத்தேன். பக்கத்து ஸீட்டு காலியாத்தானே இருந்தது?"

தேசிகன் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மணல் பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் காய்கறிப் பையோடு, வெள்ளைச் சலவைச் சட்டையில் ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கலாம். மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தான். மேஜைமேல் இருந்த காகிதங்களைப் பார்த்தான். அவன் கையிலிருந்து பை நழுவியது. வெண்டைக்காய் மணலில் சிதறியது.

"அம்மா" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வரதா, நீ ஒண்ணும் பேசாதே" என்றார் ரங்கநாயகி அவசரமாக. "இவா மீட்டர் பாக்க வந்திருக்கா. காபி கொண்டு வரேன்."

"இல்லம்மா. நான் சொல்லிடறேன். ரெண்டு வருசமா தொண்டையில நிக்குது." அவன் தேசிகனைப் பார்த்துப் பேசினான். "நான்தான் சார் வித்தேன். என்ஜினைப் பிரிச்சி வெச்சிருந்தப்ப பெங்களூர் புரோக்கரு வந்து நின்னான். எனக்கு லேத்து மிஷின் மேல ஆசை. ஊர்ல பெரிய பட்டறைன்னு பேரு வாங்கணும்னு ஆசை. அம்மா கையெழுத்தை நானே போட்டேன். ஜீப்பை வாங்கி, அதே மாதிரி பாடி அடிச்சி, இங்க கொண்டாந்து வுட்டேன். அன்னிலேர்ந்து அந்த மிஷினை ஓட்டினா அம்மா மூஞ்சிதான் தெரியுது."

"ஏஜெண்ட் கிட்ட நகலுக்குப் பாலிசி கேட்டியே, அது எதுக்கு?"

"இங்க ஏதாவது தீக்கீ புடிச்சிதுன்னா, வண்டி அசல் இல்லன்னு கம்பெனி அம்மாவுக்குக் காசு தராது. அப்ப அவங்களுக்கு ஒண்ணுமே இல்லாம பூடுமேன்னு பயம். நானே தனியா பாலிசி கட்டிக்கினு வந்துடலாம்னு பாத்தேன். எவனும் தரல."

ரங்கநாயகி குறுக்கிட்டார். "இவன் சொல்றதை எழுதாதேயுங்கோ. கையெழுத்து என்னோடது. நான் சொல்லியாச்சு."

வரதன் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்தப் பொய்யின் அர்த்தம் அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

 ரங்கநாயகி குனிந்து, சிதறிய வெண்டைக்காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வரதன் எழுந்தான். அடி வாங்கியிருந்தால்கூட நின்றிருப்பான் போலிருந்தது. மன்னிப்பை அவனால் தாங்க முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சவுக்குத் தோப்பை நோக்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவன் மறையும் வரை ரங்கநாயகி பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்டுபிடிச்சுட்டேள்" என்றார் தேசிகனிடம். குரலில் கோபமில்லை. "எல்லாம் சரியாத்தான் கண்டுபிடிச்சேள். இனிமே அவன் வரமாட்டான்."

 செங்கற்பட்டு ஏரியைக் கண்டதும்தான் தாவீது வாயைத் திறந்தான். "சார், கேஸை ஜெயிச்சா தலையில கல்லு விழுந்த மாதிரி இருக்கறது இதுதான் மொதல் தபா."

அன்று பகல் முழுதும் தேசிகன் மேஜையை விட்டு எழவில்லை. நான்கு அறிக்கை எழுதி நான்கையும் கிழித்தார். ஐந்தாவது நின்றது. 'விற்பனைக் கடிதத்தின் கையெழுத்தை உரிமையாளர் தம்முடையது என்று ஒப்புக்கொண்டார். குடகு வண்டியே அசல். அம்மாளின் பழைய பாலிசியை ரத்து செய்யலாம். இதுவரை அவர் கம்பெனியிடம் ஒரு தம்பிடி கேட்டதில்லை. இல்லாத வண்டிக்கு இரண்டு வருஷம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டியிருக்கிறார் என்பதையும் கவனிக்கவும்.'

அதில் பொய் ஒரு வரிகூட இல்லை. உண்மை முழுவதும் இல்லை. அவ்வளவுதான்.

மறுநாள் காலை கோதண்டராமனைப் பிடித்தார்.

"அந்தக் கொட்டகையில இருக்கறதுக்குப் புதுப் பாலிசி வேணும்."

"நகலுக்கா? மார்க்கெட்ல அதுக்கு என்ன விலை சார்? யாருக்குத் தெரியும்?"

"ரேஸ் கார்னு எழுதாதேயும். 'ஜீப், பாடி மாற்றப்பட்டது'ன்னு எழுதும். ஜீப் விலை ஊருக்கே தெரியும். பிரீமியமும் அந்த அம்மாவால கட்ட முடியற அளவுக்கு வரும்."

கோதண்டராமன் யோசித்தார். "வரும்தான். ஆனா கையால அடிச்ச பாடி. எங்க எது கழண்டு விழும்னு கம்பெனி பயப்படும்."

"அதுக்கு ஒரு நிபந்தனை போடலாம். வாரத்துக்கு ஒரு தடவை, தகுதியான மெக்கானிக் நேர்ல போய்ப் பரிசோதனை பண்ணிக் கையெழுத்துப் போடணும். தவறினா பாலிசி செல்லாது."

"தகுதியான மெக்கானிக்னா? அந்த வண்டியோட சூட்சுமம் செஞ்சவனுக்குத்தானே தெரியும்?"

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார் தேசிகன்.

மதராஸிலிருந்து ஒப்புதல் வர பத்து நாளாயிற்று. அச்சடித்த படிவங்களை எடுத்துக்கொண்டு தேசிகன் ஏரிக்கரைக்குப் போனார். வரதன் லேத் மிஷினைச் சாக்கால் மூடிப் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். ஒரு ஞாயிறு கடந்திருந்தது. அவன் மாமல்லபுரம் போகவில்லை. படிவத்தை இரண்டு தரம் படித்தான்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சார் அங்க போவேன்?"

"மூஞ்சியைப் பத்திக் கம்பெனி ஒண்ணும் கேக்கலை. கையெழுத்துதான் கேக்கறது."

 தேசிகன் படிவங்களை மிஷின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினார். அந்த ஞாயிறு அவர் தம் அறையில் உட்கார்ந்து, பத்து மணி பஸ் ஊரைத் தாண்டும் நேரத்தைப் பார்த்தார். அது மாமல்லபுரம் போய்ச் சேர்ந்திருக்கும் பதினொன்றரையைப் பார்த்தார். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். தூக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு கவர் வந்தது. தாவீதுதான் பிரித்தான். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.

"ஆயில், சரி. டயர், சரி. பிரேக், சரி. ஓடிய மைல், பதினொண்ணு... சார், வண்டி ஓடிக்கீது! ஓட்டியவர், ரெங்கநாயகி. கொம்பு கீது சார், நல்லாப் பாத்துட்டேன். பரிசோதித்த மெக்கானிக், வரதன்."

"அவ்வளவுதானா?"

"கடைசியில ஒரு கட்டம் கீது. 'வண்டியில் காணும் குறைகள் ஏதேனும் இருப்பின்.' அதுல அந்தம்மா கையெழுத்துல ஏதோ..."

தாவீது படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். தேசிகன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் வாசித்தார்.

'மெக்கானிக் ஐந்தரை மணி பஸ்ஸுக்கே புறப்பட்டுவிடுகிறார்.'